கோர்ட்டு ஒத்துக்கொண்ட கால்

நான் கொஞ்ச காலம் நொண்டியாக இருந்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், அதுவும் திருச்சியில் மட்டும். பஸ் திரும்பக் கீரனூர் வந்து நின்றதும் கால் சரியாகிவிடும். குதித்து இறங்கி, டீக்கடைப் பக்கம் விறுவிறுவென்று நடந்து போவேன். வைத்திய சாஸ்திரத்தில் இப்படி ஒரு வியாதி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்கு இருந்தது, அதற்கு ஒரு வக்கீலும் இருந்தார்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்து நாலு வயது. கீரனூரில் ஒரு அச்சாபீஸில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருக்கிற பெட்டிக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரைஸ்மில் ரசீது, கோயில் நோட்டீஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வாடிக்கைக்காரர்கள் நாலு வரி சொன்னால் நான் எட்டு வரி ஆக்கிக் கொடுப்பேன். ஊரில் என் தமிழுக்கு நல்ல பெயர். (அந்தத் தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது. பொறுங்கள், வருகிறேன்.)

அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவின் தம்பி கருப்பையா மாமா மாட்டுத் தரகர். அவருடைய மகள் தெய்வானை எனக்கு முறைப்பெண். எட்டாவது வரை படித்தவள், வாய் பத்தாவது வரை படித்திருந்தது. அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அவளும் முடிவு செய்திருந்தாள். முடிவு செய்யாதவர் மாமா ஒருவர்தான்.

"டேய் ராசு, ஒன்னைய எனக்குப் புடிக்கும்டா. அதுக்காக, அடுத்தவன் மிஷினுக்கு எழுத்துப் பொறுக்கிக் குடுக்கிறவனுக்குப் பொண்ணக் குடுக்க முடியுமா? சொந்தமா ஒரு மிஷினைப் போடு. மக்யா நாளே தாம்பூலம் மாத்திக்கிருவோம். ரெண்டு வருசம் பொறுக்கிறேன். அதுக்கு மேல விராலிமலைப் பக்கம் ஒரு ரைஸ்மில்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், தெரிஞ்சுக்க."

ஒரு பழைய டிரெடில் மிஷின் திருச்சியில் விலைக்கு இருந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு இயந்திரம். அதன் விலைக்கு நான் என் சம்பளத்தை அப்படியே சேர்த்து வைத்தாலும், தெய்வானைக்குப் பேரன் பிறந்த பிறகுதான் வாங்க முடியும். அந்தப் பேரனுக்கு நான் தாத்தாவாக இருக்க மாட்டேன் என்பதுதான் என் கவலை.

இந்த நிலைமையில்தான் மோட்டார் சைக்கிள் வந்து மோதியது.

மோதியது என்று மனுவில் எழுதினோம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யார் என்ன செய்துவிட முடியும்? களமாவூரில் ஒரு புதுமனைப் புகுவிழாப் பத்திரிகைக்குப் புரூஃப் காட்ட வேண்டும். வாடகை சைக்கிளில் திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடியில் கை இல்லை. இரண்டு கையிலும் புரூஃப் தாள், வாயில் பென்சில். சைக்கிள் ஓட்டிக்கொண்டே பிழை திருத்துகிற கம்பாசிட்டர் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று எனக்கொரு கர்வம். பின்னாலிருந்து ஹாரன் மூன்று தடவை கேட்டது. நான் நாலாவது வரியில் இருந்தேன். அந்த வரி முடிந்ததும் ஒதுங்கலாம் என்று நினைத்தேன். வலது பக்கமாகத்தான் ஒதுங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது என் இடது கால்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. பெரிய மீசை வைத்த ஒரு கனத்த மனிதர் அதை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டே, "ஐயோ தம்பி, மாதாவே, ஐயோ தம்பி" என்று அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. அவர் அழுத அழுகையில் எனக்கு இடமில்லாமல் போய்விட்டது.

அவர் பெயர் ஆரோக்கியசாமி. ஆவூர்க்காரர். பம்புசெட் கம்பெனி ஏஜெண்ட். அவரே என்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்கை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாத்துக்குடியோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆவூர்க் கோயிலில் என் காலுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொல்வார். கேஸ் போடுகிற யோசனையைச் சொன்னதும் அவர்தான்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு தம்பி. வருசா வருசம் கட்டுறேன், ஒரு காசு திரும்பி வந்ததில்ல. ஒங்களுக்காச்சும் வரட்டுமே! கேஸ் போடுங்க. என் பேரையும் போட்டுத்தான் ஆகணுமாம். போடுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

இடித்தவரே கேஸ் போடச் சொல்லி சாத்துக்குடி உரித்துக் கொடுத்தது அநேகமாக எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

இன்னொரு பக்கம் அம்மா நார்த்தாமலை மாரியம்மனிடம் பேசி முடித்துவிட்டிருந்தாள். "ஆத்தா, எம்புள்ளையை நடக்க விட்டுரு. வெள்ளியில கால் செஞ்சு வைக்கிறேன். இங்கிருந்து காவடி எடுத்து ஓஞ்சன்னதி வரைக்கும் நடந்தே வருவான்." என்னைக் கேட்கவில்லை. நடக்கப்போவது என் கால் என்றாலும் பேச்சுவார்த்தை அவர்கள் இரண்டு பேருக்குள்தான்.

கால் நன்றாகக் கூடிவிட்டது. அதுதான் பிரச்சினையே. கட்டைப் பிரித்து இரண்டு மாதத்தில் பழையபடி எழுத்துப் பெட்டி முன்னால் நின்றேன். திருச்சியில் வக்கீல் ஆபீஸுக்குள் நான் நடந்து நுழைந்ததைப் பார்த்ததும் வக்கீல் ஐயாவின் முகம் விழுந்துவிட்டது.

"என்னய்யா, இவ்வளவு நல்லா நடக்கிறீர்?"

"ஆமாங்கய்யா, கூடிருச்சுங்க" என்றேன் சந்தோஷமாக.

"கூடிருச்சுன்னா கோர்ட்டுல என்னத்தக் காட்டுறது? நின்னு செய்யற வேலை உம்ம வேலை. இனி நிக்க முடியாது, தொழில் போச்சுன்னாத்தான் பெரிய தொகை கிடைக்கும். அடுத்த தடவை வரும்போது யோசிச்சு நடந்து வாரும்."

பெரிய தொகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு டிரெடில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிஷின் வந்தால் தெய்வானை வருவாள். அவ்வளவுதான், அன்றைக்கே இடது கால் லேசாக இழுக்க ஆரம்பித்தது.

நொண்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. அவரைவிட்டால் அதற்கு ஆள் கிடையாது. நொண்டி மாட்டை நல்ல மாடு என்று சந்தையில் நடத்திக் காட்டியே முப்பது வருஷம் பிழைத்தவர். இப்போது நல்ல மாட்டை நொண்டி என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தன் வீட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"அப்படி ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிக்காதடா. நொண்டுற மாடு தலைய ஆட்டுமே தவிர இடுப்ப ஆட்டாது. காலை ஊனுறப்ப தலை மேல போகணும். ம்... அங்கிட்டுப் போயிட்டுத் திரும்பு. மூஞ்சியில வலி தெரியட்டும். சிரிக்கிறியே, வெங்கம்பயலே!"

நான் என்ன செய்வேன்? கொட்டத்து மறைப்புக்குப் பின்னால் தெய்வானை வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சரிந்து உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்கு வைக்க வேண்டிய வைக்கோல் அவள் வாயில் இருந்தது. எந்த ஆம்பிளையும் தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண் முன்னால் இப்படி நடந்து காட்டியிருக்க மாட்டான். அதுவும் அவளுக்காகவே.

அப்போது புதுக்கோட்டைக்குத் தனி ஜில்லா கிடையாது, கேஸெல்லாம் திருச்சிக்குத்தான். வாய்தா மேல் வாய்தா. மாதம் ஒரு தடவை பஸ் ஏறுவேன். கைத்தடியை வக்கீல் ஆபீஸிலேயே வைத்திருந்தேன், ஏனென்றால் அம்மாவுக்கு இந்த நொண்டி விவகாரம் தெரியாது. 'பட்ட கஷ்டத்துக்குப் பணம் கேட்டிருக்கிறோம்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என் முகத்தில் இருந்த வலியைப் பார்த்து யாரையாவது எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுப்பார். நானும் முனகிக்கொண்டே உட்காருவேன். (அந்த இடங்களில் எழுந்து நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளவும்.)

முதல் வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டாகிவிட்டதால் அம்மாவின் நேர்த்திக்கடன் தள்ளிப்போயிருந்தது. அடுத்த பங்குனி வந்தது. வெள்ளிக்கால் தயார். காவடி தயார். வீட்டில் நூறு பேருக்குச் சாப்பாடு.

"ஒரு நோட்டீசு அடிச்சிருடா. ஆத்தா செஞ்சதை நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? அடுத்த மாதம் விசாரணை இருக்கிறது, நோட்டீஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றிருப்பான். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கால் விஷயமாகக் கோர்ட்டில் சொல்வது ஒன்று, சாமியிடம் சொல்வது ஒன்று. இரண்டும் வேறு வேறு ஆபீஸ், ஒன்றில் போட்ட மனு இன்னொன்றுக்குப் போகாது என்பதுதான் என் நினைப்பு. தவிர, என் சொந்தக் காலுக்கு நானே நோட்டீஸ் எழுதுகிற வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? இரண்டு நாள் யோசித்து எழுதினேன். இருப்பதிலேயே பெரிய எழுத்தில் கோத்தேன். பிழை ஒன்றுகூட இல்லாமல் புரூஃப் பார்த்தேன், இந்தத் தடவை தரையில் உட்கார்ந்து. மஞ்சள் தாளில் ஐந்நூறு பிரதி.

இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்:

"ஸ்ரீ மாரியம்மன் துணை. மோட்டார் சைக்கிள் மோதி முழங்காலுக்குக் கீழே மூவிடத்தில் முறிந்த அடியேனின் இடது கால், அன்னையின் அருளால் பூரண குணமடைந்து, முன்னிலும் பன்மடங்கு வலுப்பெற்று, மான்போல் துள்ளி வருவதை முன்னிட்டு, நார்த்தாமலைக்குக் காவடி எடுத்து ஆடி வருவதால், அன்பர்கள் அனைவரும் வந்திருந்து அருள் பெற வேண்டுகிறேன். இங்ஙனம், அச்சுக்கலை வித்தகர் மு. ராசு, கீரனூர்."

முறிந்தது ஓர் இடத்தில்தான். ஆனால் மோட்டார், மோதி, முழங்கால் என்று வந்த பிறகு மூவிடத்தில் என்று போடாமல் எந்தக் கம்பாசிட்டரால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்?

நோட்டீஸைத் தெய்வானை தன் தெருவில் சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஒரு நோட்டீஸைத் தனியாக எடுத்து வைத்து, "அந்த மீசைக்காரருக்கு ஒண்ணு அனுப்பிரு. பாவம், எத்தனை ஞாயித்துக்கெழமை வந்தாரு" என்றாள். கவரில் போட்டு, ஆரோக்கியசாமி அவர்கள், ஆவூர் என்று என் கையாலேயே விலாசம் எழுதி, என் நாக்காலேயே ஸ்டாம்பை நனைத்து ஒட்டித் தபாலில் போட்டேன்.

காவடி நன்றாக நடந்தது. நான் நடந்தது மட்டுமில்லை, ஆடினேன். கொட்டு மேளம் சூடு பிடித்ததும் இடது காலை ஒற்றைக்காலாக ஊன்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். கூட்டத்தில் குலவை எழுந்தது. மாமா மட்டும், "டேய், அளவா ஆடுடா, அடுத்த மாசம் இருக்கு" என்று காதருகே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாசம் வந்தது. அம்மாவையும் சாட்சி போட்டிருந்தார் வக்கீல். பெற்ற தாய் பிள்ளையின் கஷ்டத்தைச் சொன்னால் கல்லும் கரையும் என்பது அவர் கணக்கு. சாட்சிகள் கூப்பிடும்வரை வெளியே இருக்க வேண்டும் என்பதால் அம்மா வராந்தாவில் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பின்பக்கமாகப் போய்க் கைத்தடியை வாங்கிக்கொண்டு, மாட்டுக்கொட்டத்துப் பாடம் பிசகாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கூண்டில் ஏறினேன். மாமா கூட்டத்தில் உட்கார்ந்து கண்ணாலேயே "பேஷ்" என்றார். ஆரோக்கியசாமி முன்வரிசையில் இருந்தார். நான் நொண்டியதைப் பார்த்து முதலில் திகைத்தார், பிறகு கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். நிற்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை, தொழில் போய்விட்டது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். ஒல்லியான, ரொம்ப மரியாதையான மனிதர். மரியாதையான வக்கீலைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"உங்க தொழில் மேல உங்களுக்கு ரொம்பப் பிரியம் போல?"

"ஆமாங்க."

"நஷ்டஈடு கிடைச்சா என்ன செய்யறதா இருக்கீங்க?"

இதை எங்கள் வக்கீல் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். "சொந்தமா ஒரு டிரெடில் மிஷின் வாங்குவேங்க."

"நல்ல யோசனை. டிரெடில் மிஷின் எதுல ஓடும்? கரண்டிலேயா?"

"இல்லைங்க. மிதிக்கணும்."

"யார் மிதிப்பாங்க?"

"நான்தாங்க. ஆளு வச்சுக்க வசதி ஏது?" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"எந்தக் காலால?"

நான் குனிந்து என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. கேஸ் கட்டிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். அந்த மஞ்சளை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என் எழுத்து, என் பார்டர், நாலு மூலையிலும் நான் வைத்த பூ.

முழு நோட்டீஸையும் கணீரென்று படித்தார். என் தமிழை அவ்வளவு அழகாக யாரும் படித்ததில்லை. 'முன்னிலும் பன்மடங்கு வலுப்பெற்று' என்ற இடத்தில் நிறுத்தி, ஜட்ஜ் பக்கம் திரும்பினார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, மோதினதுக்கு அப்புறம் கால் பன்மடங்கு வலுவாயிடுச்சுன்னு மனுதாரரே அச்சடிச்சுக் குடுத்திருக்கார். பார்க்கப்போனா, இவர்தான் எங்க கம்பெனிக்குப் பணம் தரணும்."

கோர்ட்டே சிரித்தது. டவாலி போட்ட சேவகன்கூடச் சிரித்தான். ஆரோக்கியசாமி மட்டும் பதறிப்போய் எழுந்து நின்று கைகூப்பினார். "ஐயா, நான்தாங்க அதைக் கம்பெனிக்கு அனுப்பினேன். தம்பிக்குக் கால் சரியாயிருச்சேன்னு ஒரு சந்தோசத்துல, அவங்களும் சந்தோசப்படட்டும்னு... கேஸுக்கு ஆகாதுன்னு தெரியாதுங்கய்யா. ஆத்தாவும் கேட்டுருக்காங்க, எங்க மாதாவும் கேட்டுருக்காங்க..." ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார். என் கால் குணமானதில் உலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு ஒருவனுக்குத்தான் நஷ்டம்.

"நோட்டீஸ்ல எல்லாம் கொஞ்சம் கூட்டித்தாங்க எழுதுவோம்" என்று முனகினேன். எங்கள் வக்கீல் கடைசி முயற்சியாக, தாயார் வந்து சொல்லட்டும் என்றார்.

அம்மா உள்ளே வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த தடியைப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த என் இடுப்பைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனது.

"என்னடா ஆச்சு? கால்ல என்னடா? காலையில நல்லாத்தானே பஸ்ஸுல ஏறினே!"

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இதுவரைக்கும் கம்பெனியை ஏமாற்றுகிறோம் என்று விளையாட்டாக இருந்தது. ஆத்தா கொடுத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாளோ என்று அம்மா பயந்துபோய் நின்றதைப் பார்த்த பிறகு ஒன்றும் விளையாட்டாக இல்லை.

எங்கள் வக்கீல் மெல்ல, "அம்மா, பையனுக்கு இப்பவும் நடக்க முடியலைன்னு ஐயாகிட்ட சொல்லுங்க" என்றார். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, நான் படிக்காதவ. இவன் மூணு மாசம் படுத்துக் கெடந்தது நெசம். வலி தாங்காம உதட்டைக் கடிச்சுப் புண்ணாக்கிக்கிட்டது நெசம். ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட நான்தான் ஏனம் பிடிச்சேன், வெக்கத்துல மூஞ்சியத் திருப்பிக்குவான். கழனிக்கூலிக்குப் போய்த்தான் கஞ்சி ஊத்தினேன். அதெல்லாம் நெசம். ஆனா ஆத்தா இவனுக்குக் காலைக் குடுத்துட்டா. போன மாசந்தான் வெள்ளிக்கால் வச்சுட்டு வந்தேன். இப்ப நடக்க முடியலைன்னு நான் சொன்னா, அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், அந்தக் கம்பைக் கீழ போடு. ஐயாவுக்கு நடந்து காட்டு!"

நான் ஜட்ஜைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தடியைக் கூண்டில் சாத்திவிட்டு இறங்கி, கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். நேராக. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் வலி என்று நினைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "தம்பிக்கு இடம் விடுங்க, கால் முடியாதவரு" என்று ஒருவரை எழுப்பப் போனார்.

"அதெல்லாம் நல்லாருக்கு. நிக்கட்டும்" என்றாள் அம்மா.

கீரனூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அம்மா என்னோடு பேசவில்லை. மாமா இரண்டு பேரோடும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. மனுதாரரின் வாக்குமூலத்தில் ஒரு வார்த்தையையும் நம்புவதற்கில்லை, தாயாரின் வாக்குமூலத்தில் ஒரு வார்த்தையையும் நம்பாமலிருப்பதற்கில்லை என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். அம்மா சொன்ன அந்த மூன்று மாதத்துக்கு, வலிக்கும் போன கூலிக்கும் சேர்த்து ஒரு சிறு தொகை. முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும் என்று வக்கீல் குமாஸ்தா சொன்னார். வக்கீல் ஐயா தன் பீஸை எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் மிஷினுக்கு ஒரு மிதிகட்டைகூட வராது.

தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. குமாஸ்தா தமிழில் எழுதிக் கொடுத்தார்: 'மனுதாரர் இரு கால்களாலும் எவ்விதக் குறையுமின்றித் திடமாக நடப்பதை இக்கோர்ட்டு நேரில் கண்டறிந்தது.'

மாமா விராலிமலைக்கு ஆள் அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மாமா முகம் கொடுக்கவில்லை.

"என்னக்கா பேச இருக்கு? மிஷின் போச்சு. ஊரே சிரிக்குது. ரெண்டு வருசமும் முடிஞ்சுபோச்சு. இனி நான் எப்படிப் பொண்ணக் குடுக்கிறது?"

இனி தெய்வானை இல்லாமல் ஆயுசு முழுவதும் எழுத்துப் பொறுக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. அவள் கல்யாணப் பத்திரிகையையும் நான்தான் கோக்க வேண்டியிருக்கும். அப்போது அவளே வெளியே வந்தாள். என் சட்டைப் பையிலிருந்த குமாஸ்தாவின் தாளைக் கேட்டு வாங்கி, அன்றைக்கு நோட்டீஸைப் படித்தது போலவே தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்த ஒரு வரியைப் படித்தாள்.

"ஏப்பா, ஒரு மாடு வாங்குறதுக்கு எத்தனை பாப்பீங்க?"

"சுழி பாப்பேன், பல்லு பாப்பேன், நடையப் பாப்பேன். அதுக்கென்ன இப்ப?"

"ஜட்ஜு நடக்கவிட்டுப் பாத்து எழுதிக் குடுத்த மாடு ஏதாச்சும் வாங்கியிருக்கீங்களா? இந்த ஜில்லாவிலயே கோர்ட்டு பாத்து நல்ல காலுன்னு சொன்னது இது ஒண்ணுதான். ரைஸ்மில்காரனுக்கு அப்படி எழுத்து இருக்கா? கேட்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

மாமா அவளை முறைத்தார். என் காலைப் பார்த்தார். தரகர் பார்க்கிற பார்வை. உதடு துடித்தது. பிறகு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தாள், கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்த ஆவணியில் கல்யாணம். ஆரோக்கியசாமி மோட்டார் சைக்கிளில் ஒரு கூடை சாத்துக்குடியோடு வந்தார். கல்யாணப் பத்திரிகையை நான்தான் கோத்தேன், ஆனால் வாசகத்தைத் தெய்வானை எழுதிக் கொடுத்தாள். நாலே வரி.

மிஷின் வாங்க இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. அதை முப்பது வருஷம் இந்த இடது காலால்தான் மிதித்தேன்.

இப்போது எனக்கு எண்பதுக்கு மேல். ஒரு வருஷமாக அந்தக் கால் நிஜமாகவே வலிக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் முறிந்த இடத்தில் குத்துகிறது, நடக்கும்போது இழுக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் யாரும் நம்புவதாக இல்லை. நேற்றுக்கூட நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "தெய்வான, முடியலடி, பால் வாங்க நீ போயிட்டு வாயேன்" என்றேன்.

பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஐம்பது, அறுபது வருஷத்தில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருக்கிற அந்தத் தாளை எடுத்து வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எவ்விதக் குறையுமின்றித் திடமாக. கோர்ட்டு சொல்லியிருக்கு. எந்திரிங்க."

எழுந்தேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, இடது காலை ஊன்றும்போதெல்லாம் தலை மேலே போக, வாசல் தாண்டி நடந்தேன்.

"பாத்தீங்களா," என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் தெய்வானை, "எங்கப்பா சொல்லிக் குடுத்தது, இன்னும் மறக்கல."